கத்திரி வெயிலில் பூப்பவை

மே மாத நடுவில், சென்னையில் ஒரு மொட்டை மாடியில், ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு வைத்து நண்பகலில் போய்ப் பாருங்கள். நிழல் பத்து சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அது விழுவது தெற்குப் பக்கம். கோடையில் சூரியன் உச்சந்தலையில் நிற்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கணக்குப்படி அது நம் உச்சிக்கு நேரே வருவது வருடத்துக்கு இரண்டு முறைதான். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில் வருகிறது. மதுரைக்கு 16 வாக்கில். சென்னைக்கு 24, 25 வாக்கில். பிறகு வடக்கே ஏறிப்போய், ஜூன் 21 அன்று சென்னைக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கில் நின்று திரும்பி, ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி நம் தலையைத் தாண்டித் தெற்கே இறங்குகிறது.

செடி வளர்ப்பவருக்கு இந்தக் கணக்கில் காசு பெறும் செய்தி ஒன்று இருக்கிறது. அடுக்கு மாடி வீடுகளில் வடக்குப் பார்த்த பால்கனி கிடைத்தவர்கள், "நமக்கு வெயிலே வராது, மணி பிளான்ட் வைக்கத்தான் லாயக்கு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தை மாதத்தில் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை சூரியன் வடகிழக்கில் உதித்து, நண்பகலிலும் வடக்கே சாய்ந்தபடி போய், வடமேற்கில் மறைகிறது. அந்த நாட்களில் வடக்குச் சுவருக்குத்தான் வெயில். தெற்குச் சுவர் நிழலில் கிடக்கும். வடக்குப் பால்கனிக்காரருக்குக் காய்கறிப் பருவம் என்று ஒன்று உண்டென்றால் அது கோடைதான். வெண்டையும் பாகலும் வைக்கத் தாராளமாக இடம் கொடுக்கும் பருவம் அது.

மொட்டை மாடிக்காரருக்குத் திசைக் கவலை இல்லை. அவர் கவலை தரை. கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் மெல்ல மெல்லக் கக்கும். அதன் மேல் கறுப்பு நிறக் குரோ பேக்கை வைத்தால், செடியின் தலையைவிட வேர்தான் அதிகம் வேகிறது. தோட்டத்து மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் இருக்கும் வேருக்கு நண்பகல் வந்ததே தெரியாது. அரை அடிப் பைக்குள் இருக்கும் வேருக்குத் தப்பிக்க இடமில்லை. பெரும்பாலான காய்கறிச் செடிகளின் வேர் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கோடைத் தோட்டத்தின் முதல் செலவு உரத்துக்கு இருக்க வேண்டியதில்லை. பைக்கு அடியில் நான்கு செங்கல், பையின் மேற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சாக்கு, மண்ணின் மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு. இவற்றுக்குப் பிறகுதான் பச்சை நிழல்வலை. பாதி வெளிச்சத்தை வலை தடுத்துவிட்டால் செடி பட்டினி கிடக்காதா என்று கேட்பார்கள். கத்தரி, மிளகாய், தக்காளி போன்றவற்றின் இலை முழு வெயிலில் பாதியைக்கூட உணவாக்க முடியாமல் திணறுகிற இலை. மீதி வெளிச்சம் அதற்குச் சூடு மட்டுமே.

சூட்டை இலை எப்படிச் சமாளிக்கிறது? வியர்த்து. வேர் உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கு மேல் செடியின் உடம்பில் தங்குவதே இல்லை. இலைத்துளைகள் வழியாக ஆவியாகிப் போய்விடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்கட்டண மொழியில் சொன்னால் ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. மே மாதத்தில், நன்றாகத் தண்ணீர் கிடைக்கும் ஒரு பந்தல், சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 6 லிட்டர்போல ஆவியாக்கும். பத்து சதுர மீட்டர் புடலைப் பந்தல் என்றால் 60 லிட்டர், அதாவது 40 யூனிட் வெப்பம். ஒன்றரை டன் ஏசி ஒன்றை ஏழரை மணி நேரம் முழு வீச்சில் ஓட விட்டால் வெளியேற்றும் சூடு இது. திறந்த வெளியில் அந்தக் குளிர்ச்சியைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால் வீட்டுக்கு முழுப் பயனும் வராது. ஆனாலும் பந்தலுக்குக் கீழே உள்ள அறையில் படுத்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். தண்ணீர் லாரியை எதிர்பார்த்து வாழும் தெருவில் இந்த 60 லிட்டரையும் நினைத்துப் பார்த்துத்தான் பந்தல் போட வேண்டும். துணி அலசிய கடைசித் தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் மாடிக்கு ஏறுவது கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் அவர்கள் வீட்டில் போர்வெல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

நண்பகலில் பூசணி இலையும் சுரை இலையும் துவண்டு தொங்குவதைப் பார்த்துப் பதறி வாளியோடு ஓடாதீர்கள். வேர் ஏற்றுவதைவிட இலை இறைப்பது வேகமாகிவிட்டால் இலை தொய்ந்துவிடும். தொய்ந்த இலை மேல் வெயில் சாய்வாகத்தான் படும் என்பதால் அதுவும் ஒரு தற்காப்பு. தட்டைப்பயறு இன்னும் நேர்த்தியாகச் செய்யும். இலைக்காம்பின் அடியில் உள்ள சிறு முடிச்சை முறுக்கி, இலையின் தட்டைப் பரப்பை விலக்கி, விளிம்பை மட்டும் சூரியனுக்குக் காட்டும். மாலை ஆறு மணிக்கு இலை நிமிர்ந்துவிட்டால் குறை ஒன்றுமில்லை. விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் மண்ணில் நீர் இல்லை, அல்லது வேரில் கோளாறு.

உச்சிவெயிலில் தண்ணீர் ஊற்றினால் நீர்த்துளி லென்ஸ் மாதிரி வெயிலைக் குவித்து இலையைப் பொசுக்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஹங்கேரியில் காபோர் ஹோர்வாத்தும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணாடி உருண்டைகளை இலை மேல் வைத்தால் இலை பொசுங்கியது. நீர்த்துளிகளை வைத்தபோது வழவழப்பான இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இலையோடு ஒட்டிக் கிடக்கும் துளி தட்டையானது. அது ஒளியைக் குவிக்கும் இடம் இலைக்கு வெகு கீழே இருக்கிறது. நீர் ஒட்டாத ரோமங்கள் துளியை இலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் மிதக்கும் பெரணி ஒன்றில் மட்டும் பொசுக்கல் தெரிந்தது. எனவே மதியம் தண்ணீர் விட்டால் இலைக்குத் தீங்கில்லை, தண்ணீருக்குத்தான் நஷ்டம். காலை ஏழு மணிக்கு முன் விட்டால் அது வேருக்குப் போகும்.

சில செடிகளுக்கு இந்த வெயில் பிடித்தே இருக்கிறது. மே மாதத்தில் முளைக்கீரை விதைத்துப் பாருங்கள். மூன்றாவது வாரத்தின் முடிவில் பறிக்கலாம். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எல்லாம் அதே குடும்பம், அதே வேகம். பக்கத்துப் பையில் கொத்தமல்லி நான்கு இலை விட்டுப் பூத்துத் தொலைக்கும்போது இவை மட்டும் எப்படித் திமிறிக்கொண்டு வளர்கின்றன?

காரணம் ரூபிஸ்கோ என்ற நொதியின் ஒரு பழைய குறைபாடு. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் முதல் வேலை அதனுடையது. ஆனால் கரியமில வாயு என்று நினைத்து அவ்வப்போது ஆக்சிஜனைப் பிடித்துவிடும். 25 பாகை வெப்பத்திலேயே மூன்று, நான்கு பிடிக்கு ஒன்று தப்பாகப் போகும். சூடு ஏற ஏறத் தப்பு கூடும். தவறிப் பிடித்ததைச் சரிசெய்யவே ஏற்கெனவே சேர்த்த உணவில் ஒரு பங்கு செலவாகிறது. இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். கோடையில் கத்தரியும் கொத்தமல்லியும் சுணங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கீரைக் குடும்பம் இந்தச் சிக்கலைச் சுற்றி வழி கண்டுவிட்டது. வேறொரு நொதி, ஆக்சிஜனைக் கண்டு ஏமாறாத நொதி, வெளி வட்டத்துச் செல்களில் கரியமில வாயுவை நான்கு கார்பன் அமிலமாகக் கட்டி, உள்ளே நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்கு அனுப்புகிறது. அங்கே அதை அவிழ்த்துவிட்டால் ரூபிஸ்கோவைச் சுற்றிக் கரியமில வாயு நெரிசலாக இருக்கும். தப்பாகப் பிடிக்க வாய்ப்பே குறைவு. கரும்பில் கரியமில வாயு முதலில் நான்கு கார்பன் அமிலமாகத்தான் கட்டப்படுகிறது என்று 1965-இல் ஹவாயில் கார்ட்ஷாக் குழுவினர் எழுதினார்கள். மறு வருடம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் வழித்தடத்தை வரைந்து காட்டினார்கள். சி4 தாவரங்கள் என்று இன்று பள்ளிப் பாடத்தில் வருபவை இவைதான். பூக்கும் தாவர இனங்களில் நூற்றுக்கு மூன்றுதான் இந்த வகை. அதில் ஒன்று பத்து ரூபாய் விதைப் பொட்டலத்தில் கிடைக்கிறது.

பருப்புக்கீரை இன்னும் ஒரு படி மேலே. அது சி4 தான். ஆனால் தண்ணீர் குறைந்தால் கற்றாழையும் கள்ளியும் செய்வதுபோல் இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு சமைக்கும். இந்த இரண்டு முறைகளும் ஒரே செடியில் சேர்ந்திருக்க முடியாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அவை அடுத்தடுத்த செல்களில்கூட இல்லை, ஒரே செல்லில் பின்னிக் கிடக்கின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தார் 2022-இல் காட்டினார்கள். சரிபார்க்க நாக்கு போதும். இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் விட்ட பருப்புக்கீரையில், விடிந்ததும் ஓர் இலையும் மாலை ஐந்து மணிக்கு ஓர் இலையும் பறித்து மென்று பாருங்கள். காலை இலை புளிக்கும். மாலைக்குள் அமிலம் செலவழிந்திருக்கும். பத்துமணிப்பூ என்றும் டேபிள் ரோஸ் என்றும் சொல்கிற செடி இதற்கு ஒன்றுவிட்ட தங்கை. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மற்ற பூக்கள் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு ஓடும்போது இது வெயில் ஏறிய பிறகுதான் கடையைத் திறக்கும். உடைந்த பிளாஸ்டிக் டப்பாவில்கூட வரும். ஒரு துண்டு தண்டைக் கிள்ளிச் செருகினால் போதும். கோடையில் மாடிக்கு நிறம் வேண்டும் என்பவர்களுக்கு ரோஜாவைவிட இதைத்தான் சொல்வேன்.

தக்காளி விஷயத்தில் என் கட்சி வேறு. மே மாதத்தில் சமவெளியில் தக்காளிக்காக உயிரை விட வேண்டாம். செடி நன்றாகத்தான் இருக்கும், பூவும் பூக்கும், ஆனால் பூக்காம்பின் நடுவிலுள்ள முட்டி மஞ்சளாகி, பூ அப்படியே கழன்று விழும். பகல் வெயிலைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். குற்றத்தில் சம பங்கு இரவுக்கு. இரவு வெப்பம் 21 பாகைக்கு மேல் போனாலே தக்காளியின் காய்ப்பு குறையத் தொடங்கும். சென்னையில் மே மாத இரவு 27, 28 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கான்கிரீட் மாடியில் அதுவும் இல்லை. பாதிக்கப்படுவது மகரந்தம். பூ விரிவதற்குப் பத்து நாள் முன்பு, மொட்டு கண்ணுக்குச் சரியாகத் தெரியாத காலத்தில், மகரந்தம் உருவாகும்போதே சூடு அதைக் கெடுத்துவிடுகிறது. அதனால் பூ விரிந்த அன்று மழை பெய்து குளிர்ந்தாலும் பலனில்லை. சென்னைக்கு ஓசூரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் தக்காளி வருவதன் சூட்சுமம் இதில் இருக்கிறது. இரண்டும் மேட்டுநிலம், இரவு குளிரும் ஊர்கள்.

கத்தரியில் பூ உதிர்வதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. எங்கள் கீழ் வீட்டு அக்கா ஒருநாள் கை நிறைய ஊதாப் பூக்களோடு மாடிக்கு வந்தார். "பாதிக்குப் பாதி கொட்டுது தம்பி. ஏதாவது மருந்து அடிக்கலாமா?"

"மருந்து வேண்டாம்க்கா. பூவை இப்படிக் குடுங்க."

கத்தரிப் பூவை நேருக்கு நேர் பாருங்கள். நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாகச் சேர்ந்திருக்கும். சில பூக்களில் அந்தக் கூம்பின் நுனியைத் தாண்டிப் பச்சையாக ஒரு சிறு தலை நீட்டிக்கொண்டிருக்கும்; அதுதான் சூல்முடி. சில பூக்களில் அது கூம்புக்குள்ளேயே குட்டையாக ஒளிந்திருக்கும். நீண்டவைதான் காய்க்கும், நடுத்தரமானவை கொஞ்சம் காய்க்கும், குட்டையானவை உதிர்ந்தே தீரும். அக்கா கொண்டுவந்த குவியலில் பெரும்பாலும் குட்டைப் பூக்கள். மருந்தால் அவற்றைக் காய்க்க வைக்க முடியாது, அவை இயல்பிலேயே ஆண் வேலை மட்டும் பார்ப்பவை.

நீண்ட பூக்கள் காய்க்க வேண்டுமென்றால் மகரந்தம் வெளியே வர வேண்டும். கத்தரி, தக்காளி இரண்டிலும் மகரந்தப் பை முழுதாகத் திறப்பதில்லை. கத்தரியில் நுனியில் ஒரு சிறு துளை மட்டும் திறக்கும். பூவில் தேனும் கிடையாது. சாதாரணத் தேனீக்கு இந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டுக்கும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தனித் தேனீக்கும் தெரியும். அவை பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் இறக்கைத் தசைகளை மட்டும் அதிர வைக்கும். மகரந்தம் துளை வழியாகத் தூளாகக் கொட்டும். அந்த நேரத்தில் ரீங்காரம் சட்டென்று சுருதி ஏறுவதைக் காதாலேயே பிடிக்கலாம். கருவண்டைப் பார்த்துப் பயந்து விரட்டுகிற வீடுகளில் கத்தரி குறைவாகக் காய்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வண்டு வராத உயரமான மாடிகளில் எலக்ட்ரிக் டூத் பிரஷ்ஷைப் பூக்காம்பில் வைத்து இரண்டு நொடி ஓட விடுவார்கள். வேடிக்கையாக இருந்தாலும் வேலை செய்கிறது.

வெண்டைக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. காலையில் விரியும், தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும், மதியத்துக்குள் வாடிவிடும். ஐந்தாறு நாளில் பறிக்கும் பதத்துக்குக் காய். மஞ்சள் இதழும் நடுவில் கருஞ்சிவப்பும் கொண்ட அந்தப் பூவைக் காய்க்காக இல்லாவிட்டாலும் வைக்கலாம். செம்பருத்திக்கும் பருத்திக்கும் நெருங்கிய சொந்தம் அல்லவா! பெரிய எதிரி நரம்பு மஞ்சள் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. இலை நரம்புகள் மஞ்சள் வலையாகத் தெரிந்த செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதைத் தவிர வைத்தியம் இல்லை.

செம்பருத்தி என்றதும் மாவுப்பூச்சி நினைவுக்கு வரும். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு புது மாவுப்பூச்சி தெரிந்தது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி. இரண்டே ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டு வாசல் செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்து அடித்து அடித்துக் கை ஓய்ந்தார்கள். மெழுகு மாவு பூசிய உடம்பில் மருந்து ஒட்டாது. ஊர் விட்டு வந்த பூச்சிக்கு அதன் சொந்த ஊர் எதிரியைத் தேடுவதுதான் வழி என்று, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வளரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கித் தோட்டம் தோட்டமாக விட்டது. கொஞ்ச காலத்தில் பூச்சி அடங்கியது. உங்கள் செம்பருத்தியில் மாவுப்பூச்சிக் கூட்டம் தெரிந்தால், அடிப்பதற்கு முன் உற்றுப் பாருங்கள். சில பூச்சிகள் மாவு உதிர்ந்து, உப்பி, பழுப்பாகக் கெட்டிப்பட்டு இருக்கும். சிலவற்றில் ஊசித்துளை ஒன்று தெரியும். குளவி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். எறும்பை மட்டும் ஏறவிடாதீர்கள். பூச்சி கசியும் இனிப்பு நீருக்காகக் குளவியை விரட்டுவது எறும்புதான்.

கொடிகளுக்கு வருவோம். புதிதாகப் பீர்க்கோ புடலையோ போட்டவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் ஒரே சந்தேகம் வரும். கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒரு பிஞ்சைக் காணோமே? முதலில் வருபவை ஆண் பூக்கள். பெண் பூ பின்னால் வரும், ஒற்றையாக, இதழுக்குக் கீழே விரல் நுனியளவு காயோடு. அதைப் பார்த்ததும் காய் பிடித்துவிட்டது என்று மகிழ வேண்டாம். அது இன்னும் சூல் கொள்ளாத சூலகம். மகரந்தம் சேராவிட்டால் மூன்று நான்கு நாளில் வெம்பி உதிரும். ஆண், பெண் விகிதம் கொடிக்குள் ஹார்மோன்கள் பேசி முடிவு செய்யும் சமாசாரம். எத்திலீன் கூடினால் பெண் பூ, ஜிப்ரலின் கூடினால் ஆண் பூ. கடும் சூடும் நீண்ட பகலும் அளவுக்கு மீறிய தழைச்சத்தும் ஆண் பக்கம் தள்ளுகின்றன. வயலில் எத்திலீனை விடுவிக்கும் எத்ரல் மருந்தைத் தெளிப்பதன் காரணம் இதுதான். வீட்டில் இரண்டு கொடிக்கு அது தேவையில்லை. யூரியாவையும் புதுச் சாணத்தையும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும்.

காத்திருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஒரே குடும்பத்துக் கொடிகள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை. பூசணி இருட்டு பிரியும் முன்பே விரிந்து பத்து மணிக்கெல்லாம் சுருண்டுவிடும். பாகல் விடிந்ததும் விரியும். பீர்க்கு மாலை ஐந்து, ஆறு மணிக்கு. சுரையும் புடலையும் பொழுது சாய்ந்த பிறகு. கையால் மகரந்தம் தொட்டு வைப்பவர் காலை எட்டு மணிக்குப் பீர்க்கங்கொடியிடம் போனால் வாடிய பூவைத்தான் பார்ப்பார். மாலை ஆறரைக்குப் போக வேண்டும். ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தேய்த்தால் தீர்ந்தது. பீர்க்கின் அந்த மஞ்சளைத்தான் சங்கப் புலவர்கள் பிரிவால் மேனியில் படரும் பசலைக்கு உவமையாகச் சொன்னார்கள். அந்தி வெளிச்சத்தில் பார்த்தால் ஏன் என்று புரியும்.

புடலைப் பூவை இரவு எட்டு மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து வெள்ளை இதழ்கள். ஒவ்வொன்றின் விளிம்பும் நூல் நூலாகப் பிரிந்து சுருண்டிருக்கும். பகலில் அதே கொடியில் இதைப் பார்க்க முடியாது. இருட்டில் நிறத்துக்கு வேலை இல்லை, வெள்ளைக்கும் மணத்துக்கும்தான் வேலை. வருவது பருந்து அந்துப்பூச்சி. பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலைச் செலுத்தும். கோடைப் பகலில் மகரந்தமும் தேனும் காய்ந்துபோகும் என்பதால், இரவு வேளையைப் பிடித்துக்கொண்ட பூக்களுக்கு வெப்ப நாட்டில் நல்ல பிழைப்பு.

அந்திமந்தாரையும் அதே அந்துப்பூச்சிக்காகத்தான் சாயங்காலம் விரிகிறது. யாரும் காசு கொடுத்து வாங்காத செடி, குப்பைமேட்டிலும் வரும். ஆனால் மரபியலில் இதற்கு இருக்கும் மரியாதை ரோஜாவுக்குக் கிடையாது. கருவுற ஒரே ஒரு மகரந்தத்தூள் போதுமா என்று சோதிக்க மெண்டல் தேர்ந்தெடுத்தது இதைத்தான். இதன் மகரந்தம் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியது. ஒன்றை மட்டும் எடுத்துச் சூல்முடியில் வைத்து விதை எடுத்தார். மறந்துபோன மெண்டலின் விதிகளை 1900-இல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மூவரில் ஒருவரான கார்ல் காரன்ஸ், சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளையையும் கலந்து இளஞ்சிவப்புப் பிள்ளைகளைப் பெற்றார். பிறகு பச்சையும் வெள்ளையும் கலந்த இலையுள்ள ஒரு வகையை எடுத்துக்கொண்டார். பச்சைக் கிளைப் பூவின் விதையிலிருந்து பச்சைச் செடியே வந்தது. வெள்ளைக் கிளையிலிருந்து வெளுத்த நாற்று வந்து செத்தது. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் சரி, முடிவு தாய்க் கிளையைப் பொறுத்தது. 1909-இல் இதை வெளியிட்டார். மெண்டலை மீட்டுக் கொடுத்தவரே மெண்டல் விதி செல்லாத இடத்தையும் முதலில் காட்டியவர்களில் ஒருவரானார். பசுங்கணிகத்துக்குள் தனி டிஎன்ஏ இருக்கிறது, அது சூல்முட்டை வழியாகவே போகிறது என்பது 1960களில்தான் தெளிவாயிற்று.

வெயிலுக்குக் கைம்மாறாகக் கோடை நமக்குத் தரும் பெரிய பூ மல்லிகை. குண்டுமல்லி சமவெளியில் மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் வரை பூக்கும். மார்கழியில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்பதும் சித்திரையில் கூடை கூடையாக மலிவதும் செடியின் விருப்பத்தால். புவிசார் குறியீடு 2013-இல் பெற்ற மதுரை மல்லியும் இதே இனம். பூ எங்கே வருகிறது என்று கவனித்தால் செடியை நடத்தும் விதம் புரிந்துவிடும். பழைய கிளையில் வராது. புதுத் தளிரின் நுனியில்தான் வரும், பெரும்பாலும் மூன்று மொட்டாக. நடு மொட்டு முதலில் விரியும், பக்கத்து இரண்டும் பிறகு. கார்த்திகையில், அதாவது நவம்பர் கடைசியில், தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு மொத்தமாகக் கவாத்து செய்யச் சொல்வது புதுத் தளிர் நிறைய வேண்டும் என்பதற்காக.

மொட்டைக் காலையில் பறிக்க வேண்டும். வெள்ளை ஏறி, உப்பி, ஆனால் வாய் திறக்காத மொட்டு. பறித்த பிறகும் அது உயிரோடுதான் இருக்கிறது. மாலையில் தொடுத்த சரத்திலேயே விரிந்து, இரவு முழுக்க மணத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். லினலூல், பென்சைல் அசிட்டேட், கூடவே கொஞ்சம் இண்டோல். இந்த இண்டோல் செறிவாக இருந்தால் மலநாற்றம். சொட்டளவு கலந்தால்தான் மல்லிகைக்கு அந்தக் கிறக்கம். பறித்தும் மணம் உண்டாக்கும் குணத்தை நம்பித்தான் பிரான்ஸின் கிராஸ் ஊரில் மல்லிகைப் பூக்களைக் கொழுப்புத் தடவிய கண்ணாடித் தட்டில் பரப்பி, வெளிவரும் மணத்தைக் கொழுப்பில் பிடித்தார்கள். அவர்கள் வைத்திருந்தது நம் பிச்சி. மொட்டு வெளுக்காமல் ஊதா படர்ந்து சுருங்கினால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது. அதைக் கொத்தோடு கிள்ளி நசுக்கிவிடுங்கள். ஒரு சுற்றுப் பூத்து முடித்த நுனிகளை இரண்டு கணு கீழே கிள்ளி, ஒரு கை மண்புழு உரம் போட்டு, தண்ணீர் காட்டினால் பக்கத் தளிர்கள் கிளம்பி அடுத்த சுற்று வரும். கிள்ளாமல் விட்ட செடி இலையாக மட்டும் தழைத்துக்கொண்டு போகும்.